புவெப்லோ மண்பாண்டக் கலையை மீட்டது யார்?

செங்கல்சூளை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிகோவிலும் அரிசோனாவிலும் வாழும் புவெப்லோ மக்களின் மண்பாண்டங்களைப் பற்றிப் பேச இந்த இழை. சக்கரம் கிடையாது, கட்டிய சூளை கிடையாது. மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, கையாலேயே வழித்து எடுக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேலான பழக்கம்.

1880-ல் அல்புகர்க்கிக்கு ரயில் வந்தது. பின்னாலேயே தகர வாளியும் இரும்புச் சட்டியும் வந்தன. பானைக்கு வேலை குறைந்தது. இருந்த நல்ல பானைகளையும் அருங்காட்சியகக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1879-லேயே வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக ஒரு குழு ஸூனி, ஹோப்பி என்ற புவெப்லோ மக்களின் ஊர்களில் ஆயிரக்கணக்கில் பொருட்களைச் சேகரித்தது. நூற்றாண்டு திரும்பும்போது பயணிகளுக்கு விற்கும் சில்லறைச் சாமான்தான் பெரும்பாலும் மிச்சம்.

அப்புறம்தான் இரண்டு அகழாய்வுகள். 1895-ல் ஜெஸ்ஸி வால்ட்டர் ஃப்யூக்ஸ் ஹோப்பி நிலத்தில் சிக்யாட்கி என்ற பாழூரைத் தோண்டினார். அங்கே கிடைத்ததைப் பார்த்து நம்பேயோ என்ற பெண் பழைய பாணியைத் திரும்பக் கொண்டுவந்தார். 1907 முதல் எட்கர் லீ ஹியூவெட் பஹாரிட்டோ பீடபூமியில் தோண்டினார். அவர் காட்டிய ஓட்டுச் சில்லை வைத்து சான் இல்டெஃபோன்சோ ஊரின் மரியா மார்ட்டினெஸ் முழுப் பானையைச் செய்துகாட்டினார். பிறகு அவருடைய கருப்புப் பானை உலகமெல்லாம் போனது.

என் கட்சி இதுதான்: இந்த இரண்டு அகழாய்வாளர்கள் இல்லையென்றால் கலை போயே போயிருக்கும். மறுப்பவர்கள் வரலாம்.

மெசாவாசி

மறுக்க வந்துவிட்டேன். அல்புகர்க்கியில் குடியிருப்பவன், இந்த ஊர்களுக்குப் போய்வருகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன கதை அருங்காட்சியகச் சுவரில் எழுதி வைப்பதற்கு வசதியான கதை. ஊருக்குள் வேறு மாதிரி.

சந்தையில் சரக்கு தரம் கெட்டது உண்மை. ஆனால் வீட்டுக்குச் செய்கிற பானை, தானியம் போட்டுவைக்கிற குதிர் மாதிரியான ஜாடி, சடங்குக்கான கிண்ணம் எதுவும் நிற்கவில்லை. சான் இல்டெஃபோன்சோவுக்குப் பக்கத்து ஊர் சாந்தா கிளாரா. அங்கே சாரா ஃபினா தஃபோயா ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்குக் கருப்பு ஜாடிகளைச் செய்துகொண்டிருந்தார். அவர் மகள் மார்கரெட் தஃபோயா (1904–2001) அம்மாவிடம் கற்றுக்கொண்டார். எந்த அகழாய்வுக் குழியிலும் இறங்கவில்லை. பளபளக்கும் கருப்புப் பானை என்பதே அந்த வட்டாரத்தில் யாரும் மறக்காத சங்கதி.

மரியாவும் சின்ன வயதிலேயே அத்தை நிக்கோலாசாவிடம் கற்றவர். 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பானை செய்துகாட்டியிருக்கிறார். அது ஹியூவெட் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால்.

இன்னொன்று. மரியாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பானை, மின்னும் கருப்பில் மங்கிய கருப்புச் சித்திரம் போட்டது, எந்தக் குழியிலிருந்தும் வந்ததில்லை. 1919 வாக்கில் மரியாவும் கணவர் ஹூலியனும் சேர்ந்து கண்டுபிடித்தது. அதைப் போய் மீட்பு என்று ஹியூவெட் கணக்கில் எழுதுவது எப்படி நியாயம்?

கணக்குப்பிள்ளை

சபாஷ், சரியான போட்டி. நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

செங்கல்சூளை

மெசாவாசி அண்ணா, கருப்பு-மேல்-கருப்பு புதுசு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹூலியன் யார்? ஹியூவெட்டின் குழியில் கூலிக்குத் தோண்டியவர். அங்கே பார்த்த சுவர்க் கோடுகளையும் ஓட்டுக் கோலங்களையும் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்தவர். அவர் பின்னால் பானையைச் சுற்றிப் போட்ட இறகு வரிசை, மிம்ப்ரெஸ் என்ற ஆயிரம் ஆண்டுப் பழைய கிண்ணங்களிலிருந்து வந்தது. கொம்பு வைத்த நீர்ப்பாம்பு அவான்யுவும் பழசுதான். அகழாய்வு இல்லாமல் ஹூலியன் அந்தச் சித்திரத்துக்கு எங்கே போவார்?

தொல்சுவடு

தொல்லியல் படிக்கிற மாணவி. நம்பேயோ பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கேதான் சூளை அண்ணாவின் வாதம் பலமாக அடிவாங்கும்.

நம்பேயோ (ஏறத்தாழ 1859–1942) ஹோப்பி நிலத்தின் முதல் மெசாவில் (மெசா என்றால் உச்சி தட்டையான குன்று), ஹானோ என்ற ஊரில் பிறந்தவர். ஹோப்பி-தெவா குடும்பம், தெவா என்பது இன்னொரு புவெப்லோ இனம். ஃப்யூக்ஸ் 1895-ல் வருவதற்கு முன்பே தாமஸ் கீம் என்ற வியாபாரி அந்தப் பகுதிக் குயத்திகளிடம் பழைய மாதிரிகளைச் செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார். சிக்யாட்கி அவர்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மழை பெய்தால் ஓடுகள் தானாகவே வெளியே வரும். கணவர் லெசோ அகழாய்வில் வேலை செய்தார், அவர்தான் ஓடு கொண்டுவந்து கொடுத்தார் என்ற கதை எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் நம்பேயோவின் மூளைக்கு வேலையே இல்லை, கவனித்தீர்களா?

அவர் செய்தது வெறும் கோலத்தைப் பார்த்து வரைந்தது அல்ல. அப்போது ஹோப்பி பானைகளுக்கு மேலே ஒரு வெள்ளைப் பூச்சு பூசுவார்கள். சுட்டதும் அது மயிரிழை மயிரிழையாக வெடிக்கும், அதன்மேல் போட்ட சித்திரமும் கூடவே உதிரும். பழைய சிக்யாட்கி பானையில் அந்தப் பூச்சே இல்லை. உடல் மண்ணையே கல்லால் தேய்த்து மெருகேற்றி, நேரடியாக வரைந்திருக்கிறார்கள். பச்சையாக இருக்கும்போது சாம்பல் நிறமாகத் தெரிகிற மண் நெருப்பில் தேன் மஞ்சளாக மாறுகிறது. நம்பேயோ பூச்சை விட்டார், மெருகைப் பிடித்தார். வடிவத்தையும் மாற்றினார்: உயரம் குறைவு, தோள் அகலம், கிட்டத்தட்டத் தட்டையாகப் படுத்த தோள். சித்திரம் முழுக்க அந்தத் தோளில் உட்காரும், மேலேயிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். இதை எந்த அகழாய்வாளரும் சொல்லிக்கொடுக்க முடியாது, அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு இடத்தில் மட்டும் பழையவர்களைப் பின்பற்றவில்லை. பழைய ஹோப்பி குயத்திகள் அந்த மெசாக்களில் கிடைக்கும் நிலக்கரியால் சுட்டார்கள், அதனால் பானை கெட்டியாக வந்தது. நம்பேயோ காலத்தில் ஆட்டுச் சாணம்தான்.

ரசவாதி

குறுக்கே ஒரு கேள்வி. மரியாவின் பானை சிவப்பு மண் பூசித்தான் செய்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். சிவப்பு எப்படிக் கருப்பாகிறது? கரி பூசுகிறார்களா?

மெசாவாசி

கரி பூசுவதில்லை. அடுப்பிலேயே நடப்பதுதான். பொது நிகழ்ச்சியில் சுட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சொல்கிறேன்.

காற்று எழும்புவதற்கு முன், அதிகாலையில் ஆரம்பித்தார்கள். தரையில் சின்னதாகத் தீ போட்டு ஈரத்தை விரட்டினார்கள். இரும்புக் கம்பித் தட்டி ஒன்று, அதற்குக் கால் பழைய தகர டப்பாக்கள். அதன்மேல் பானைகளைக் கவிழ்த்து, சுற்றிலும் தகரத் துண்டுகளை அடுக்கினார்கள். அதில் பாதி பழைய கார் நம்பர் பிளேட்! தீ நேராகப் பானையைத் தொடக் கூடாது என்பதற்காக. கீழே ஜூனிப்பர் விறகு, சுற்றிலும் மேலேயும் காய்ந்த மாட்டு வரட்டி. தீ பிடித்ததும் அந்த அம்மா வாயே திறக்கவில்லை. வரட்டி நிறம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கை காட்டியதும், கூட இருந்த பையன்கள் குதிரைச் சாணப் பொடியைத் தொட்டி தொட்டியாக மேலே கவிழ்த்தார்கள். தீ ஒரே அமுக்காக அமுங்கிவிட்டது. மஞ்சளாக அடர்ந்த புகை. எந்தப் பக்கம் புகை கசிந்தாலும் அங்கே உடனே இன்னொரு மண்வாரி சாம்பல். ஓட்டை விட்டால் அந்த இடத்தில் பானை பழுப்பாகிவிடும்.

காற்று போகாததால் பூச்சில் இருக்கும் சிவப்பு இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து கருப்பாகிறது. புகைக் கரி நுண்துளைகளில் போய் உட்காருகிறது. அதே பானையைத் திறந்த தீயில் மறுபடி சுட்டால் சிவப்பாகத் திரும்பிவிடும். வெப்பம் சுமார் 700 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் போனால் கல்லால் தேய்த்த மெருகு செத்துவிடும். இதனால்தான் இந்தப் பானைகள் தண்ணீர் தாங்குவதில்லை.

மங்கிய சித்திரம் தனிக் கதை. முதலில் முழுப் பானையையும் ஆற்றுக் கூழாங்கல்லால் ஒரே மூச்சில் தேய்க்க வேண்டும், பூச்சு காய்வதற்குள். நடுவில் போன் அடித்தால் எடுக்க முடியாது. பிறகு அந்த மெருகின் மேல் நீர்த்த மண்ணால் ஹூலியன் வரைவார். வரைந்த இடம் மெருகை இழந்து மங்கிவிடும். மரியா தேய்ப்பார், செய்வார், ஆனால் வரைந்தவர் அவர் இல்லை.

வைகைக்கரை

ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கருப்பு-சிவப்புப் பானை வருகிறதே, அதுவும் இதே மாதிரி காற்றை அடைத்துச் சுட்டதுதானே? நம் ஆட்கள்தான் முதலில்...

தொல்சுவடு

அண்ணா, காற்றை அடைத்தால் மண் கருக்கும் என்பது உலகத்தில் பல இடங்களில் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. புவெப்லோவுக்கும் நமக்கும் தொடர்பு இல்லை. கீழடிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள், சண்டை போடலாம்.

கணக்குப்பிள்ளை

சரி, இப்போது நான் பேசுகிறேன். நீங்கள் எல்லோரும் கலையைப் பேசுகிறீர்கள், நான் துட்டைப் பேசுகிறேன்.

சான் இல்டெஃபோன்சோ அப்போது எப்படி இருந்தது? நிலமும் நீரும் பறிபோய் விவசாயம் நொடித்த ஊர். 1918 இன்ஃப்ளூயன்சாவுக்குப் பிறகு மொத்த ஜனமே நூறைச் சுற்றித்தான். அந்த ஊருக்குப் பானைக் காசு வந்தது என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் காசு வந்ததற்கு வெளியாள் ஏற்பாடு காரணம். 1905-ல் கிராண்ட் கேன்யனில் ஃப்ரெட் ஹார்வி கம்பெனி ஹோப்பி ஹவுஸ் என்று கட்டி, நம்பேயோ குடும்பத்தை அங்கேயே குடிவைத்து, பயணிகள் முன்னால் பானை செய்யவைத்தது. 1922-ல் நியூ மெக்சிகோவின் தலைநகரான சாந்தா ஃபேயில் ஹியூவெட்டின் ஆட்கள் இந்தியன் சந்தையைத் தொடங்கினார்கள், இன்றைக்கும் நடக்கிறது. கென்னத் சாப்மன் என்பவர் நல்ல பானைக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார். வாங்குகிறவன் இல்லாமல் எந்தக் கைத்தொழில் பிழைத்தது?

கையெழுத்தும் சந்தை கொண்டுவந்த பழக்கம்தான். 1920-களில் மரியா பானையின் அடியில் பேர் போட ஆரம்பித்தார். பேர் போட்ட பானைக்கு விலை அதிகம் என்று தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் தங்கள் பானையிலும் போடச் சொன்னார்கள். அவர் யோசிக்காமல் போட்டுக் கொடுத்தார்! சாந்தா ஃபே கனவான்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது, வந்து நிறுத்தினார்கள்.

மெசாவாசி

அந்தக் கையெழுத்துக் கதையை என் வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், நன்றி. பானை ஊருடையது, என் பேரில் இன்னொருத்தி வீட்டில் அடுப்பு எரிந்தால் எனக்கென்ன என்று நினைத்த பெண் அவர். தொழில் பிழைத்தது சாப்மன் கொடுத்த கூடுதல் டாலரால் மட்டும் என்றால், மரியா ரகசியத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு தனியாகப் பணக்காரி ஆகியிருப்பார். சித்திரம் போடும் முறையை ஊருக்கே சொல்லிக் கொடுத்தார்.

1943-ல் ஹூலியன் இறந்த பிறகு மருமகள் சாந்தானா வரைந்தார். அடியில் இருவர் பேரும் இருக்கும். அதற்குப் பிறகு மகன் போப்போவி தா. இரண்டு தலைமுறை ஒரே அடுப்பில். இதை ஹியூவெட் அமைத்துக் கொடுக்கவில்லை.

வாங்குகிறவர் தயவு இலவசமும் இல்லை. எது "பழசு", எது "அசல்" என்பதைப் பரிசு கொடுத்தவர்களே முடிவு செய்தார்கள். அவர்களுக்குப் பிடிக்காத பாணிக்குப் பரிசு இல்லை.

காந்திமதி

நடுவே என் புலம்பலையும் கேளுங்கள். போன வருஷம் மகன் வீட்டுக்கு வந்தபோது நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் ஆக்கோமா என்ற புவெப்லோ ஊரின் பானை என்று சொல்லி ஒன்று வாங்கினேன். மெல்லிய கோடு கோடாக அழகாக இருந்தது. அடியில் பேர், ஊர் எல்லாம் இருந்தது. ஊர் திரும்பி ஒரு தோழியிடம் காட்டினால், "அச்சில் வார்த்த பானை அக்கா, மேலே மட்டும் வரைந்திருக்கிறார்கள்" என்கிறாள். ஏமாந்தேனா, இல்லையா?

தொல்சுவடு

அக்கா, உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள். சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக, வழுவழு என்று இருந்தால் அச்சில் வார்த்ததுதான். திரி அடுக்கிச் செய்ததில் விரல் பள்ளம், சின்ன மேடு கண்டிப்பாகத் தட்டுப்படும். வாய் விளிம்பும் துல்லிய வட்டமாக இருக்காது.

முழு ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. வார்த்த பானையை வாங்கி ஆக்கோமாக்காரரே வரைந்து, மின்சூளையில் சுட்டு விற்பதும் உண்டு. அது அவர்கள் பிழைப்பு. கையால் செய்தது என்று சொல்லி விற்றால்தான் பிரச்சினை. பூர்வகுடி அல்லாதவர் செய்ததைப் பூர்வகுடியினர் செய்தது என்று விற்றால் அது குற்றமே. 1990 சட்டப்படி தனிநபருக்கு முதல் தடவையே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை.

கையால் செய்யும் ஆக்கோமா பானையில் ஒரு விசேஷம் உண்டு. அந்த மண் தனியாக நின்றால் வெடிக்கும், எதையாவது கலக்க வேண்டும். அவர்கள் கலப்பது பழைய பானை ஓட்டை இடித்த பொடி. லூசி லூயிஸ், மேரி சீனோ என்ற ஆக்கோமா குயத்திகள் காலத்துப் பானைகளின் சுவர் அப்பளம் போல இருப்பதற்கு அந்தப் பொடியும் ஒரு காரணம். "அகழாய்வு இல்லாமல் எங்கே போவார்" என்று சூளை அண்ணா கேட்டதற்கு ஆக்கோமாவில் பதில், பழைய ஓடு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் இவர்கள் இருவரும் 1950-களில் மிம்ப்ரெஸ் சித்திரங்களை எடுத்து வரைந்தபோது அவற்றை அருங்காட்சியகத் தொகுப்புகளிலிருந்துதான் பார்த்தார்கள். மிம்ப்ரெஸ் கிண்ணங்கள் பெரும்பாலும் சவக்குழியிலிருந்து வந்தவை. இறந்தவர் முகத்தின் மேல் கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டுப் புதைத்தவை. முயலும் மீனும் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த ஓட்டையைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆக, அகழாய்வின் பங்கை நான் முழுசாக மறுக்கவில்லை. அதற்கு ஒரு விலை இருந்தது என்கிறேன்.

செங்கல்சூளை

அப்படியென்றால் உண்மையிலேயே செத்துப்போய்த் திரும்பி வந்தது எதுவுமே இல்லையா?

தொல்சுவடு

இருக்கிறது, பெகோஸ் என்ற புவெப்லோ ஊரின் ஈயப் பூச்சு. 1300-களிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றோர ஊர்களில் ஈயத் தாதுவை அரைத்துச் சித்திரம் போடுவார்கள், சுட்டதும் அந்தக் கோடு மட்டும் கண்ணாடி போல மின்னும். 1700 வாக்கில் அது அடியோடு நின்றது. செய்முறையும் கூடவே போனது. பெகோஸ் ஊரே காலியாகி, மிச்சமிருந்தவர்கள் 1838-ல் ஹெமெஸ் ஊருக்குக் குடிபோனார்கள். 1970-களில் ஹெமெஸைச் சேர்ந்த ஈவலின் விஹில் பெகோஸ் தேசிய நினைவிடத்தில் உட்கார்ந்து அதை மறுபடி செய்ய முயன்றார். கேட்பதற்கு ஊரில் ஆளே இல்லை. மண், கலப்பு, தாது, தீ ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்துப் பிடித்தார். மீட்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர்தான். ஆனால் விளம்பரத்தில் இவர் பேர் வராது.

ரசவாதி

மெக்சிகோவின் மாத்தா ஓர்த்திஸ் என்ற ஊரின் கதையும் இதே ரகம்தானே? ஹுவான் கெசாடா என்ற விறகு வெட்டுகிற பையன் பாக்கிமே பாழூர்ப் பக்கம் பழைய பானைகளைக் கண்டு, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானே கற்றுக்கொண்டார். 1976-ல் நியூ மெக்சிகோவின் டெமிங்கில் ஒரு பழைய சாமான் கடையில் அவருடைய மூன்று பானைகளைப் பார்த்த ஸ்பென்சர் மெக்கல்லம் என்ற மானிடவியலாளர் ஆளைத் தேடிக்கொண்டு போனார். இன்று ஊரே பானை செய்கிறது.

மெசாவாசி

அருமையான கதை, ஆனால் புவெப்லோ இல்லை. அங்கே ஒரு மனிதர் ஒரு கலையைக் கண்டெடுத்தார். இங்கே அத்தையிடமிருந்து மருமகளுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மண் எடுக்கப் போனால் முதலில் சோளமாவு தூவி வேண்டிக்கொள்வது மாதிரியான வழக்கமெல்லாம் ஓட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வது கிடையாது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் சாந்தா ஃபேயில் ஒரு பெரிய புவெப்லோ மண்பாண்டக் கண்காட்சி தொடங்கி, மறு ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பானைகளைத் தேர்ந்தெடுத்ததும் குறிப்பு எழுதியதும் அறுபதுக்கும் மேற்பட்ட புவெப்லோ மக்களே. பாட்டி வீட்டில் இந்த ஜாடியில் மாவு இருக்கும் என்கிற மாதிரிதான் நிறையக் குறிப்புகள். ஹியூவெட் பேரைத் தேடிப் பாருங்கள்.

செங்கல்சூளை

அண்ணா, நீங்கள் என்ன சொன்னாலும் 1922 சந்தையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட முடியாது. கணக்குப்பிள்ளை என் பக்கம். நம்பேயோ விஷயத்தில் தங்கச்சி சொன்ன வெள்ளைப் பூச்சு சமாச்சாரம் மட்டும் கனமானது, அதற்கு எதிர்வாதம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

காந்திமதி

சண்டையை ஒத்தி வையுங்கள் தம்பிகளா. மறுபடி வருகிறேன், இந்த முறை கையால் செய்தது ஒன்று வேண்டும். எங்கே வாங்கலாம்?

மெசாவாசி

அக்கா, சாந்தா ஃபேயில் கவர்னர் மாளிகை முன் தாழ்வாரத்தில் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பூர்வகுடிக் கலைஞர்கள் மட்டும்தான் விற்கலாம், சரக்கையும் சோதிப்பார்கள். செய்தவரோ அவர் குடும்பத்தாரோதான் எதிரே இருப்பார். மண் எங்கே எடுத்தீர்கள், எதை வைத்துச் சுட்டீர்கள் என்று கேளுங்கள். கையால் செய்தவர் சந்தோஷமாக நேரம் போவது தெரியாமல் பேசுவார். எந்த இடத்து மண் என்று துல்லியமாகச் சொல்லாவிட்டால் தப்பாக நினைக்காதீர்கள், அது குடும்பச் சொத்து. பேரம் பேசாதீர்கள். கையடக்கக் கிண்ணத்துக்கே நல்ல விலை இருக்கும். கருப்பில் வாங்கினால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பூ வைத்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பெரிய சந்தை ஆகஸ்டில். அந்த வாரம் விடுதியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, இப்போதே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அல்புகர்க்கியில் எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு காலையில் ரயிலில் போய்வரலாம்.